வால்ஸ் தளம்: புனைமொழி கட்டுபவருக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

புனைமொழி (ஒருவர் திட்டமிட்டுப் புதிதாக உருவாக்கும் மொழி) ஒன்றுக்கு இலக்கணம் எழுத உட்காருகிறவர்கள் சீக்கிரமே வந்து சேரும் இடம் வால்ஸ். முழுப் பெயர் 'வேர்ல்டு அட்லஸ் ஆஃப் லாங்குவேஜ் ஸ்ட்ரக்சர்ஸ்', அதாவது மொழி அமைப்புகளின் உலக வரைபடத் தொகுப்பு. 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் இதைத் தடித்த புத்தகமாக, குறுந்தகட்டோடு வெளியிட்டது. 2008 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மேத்யூ டிரையர், மார்ட்டின் ஹாஸ்பெல்மாத், டேவிட் கில், பெர்னார்ட் காம்ரி ஆகிய நால்வரும் பதிப்பாசிரியர்கள். உருவான இடம் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனம். ஏறத்தாழ 2,660 மொழிகள், 192 இலக்கணக் கூறுகள், 144 இயல்கள். ஒவ்வொரு கூறுக்கும் ஓர் உலக வரைபடம், பக்கத்தில் ஒவ்வொரு வகையிலும் எத்தனை மொழிகள் என்ற கணக்கு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இலக்கணத்தை முடிவு செய்த பிறகு சரிபார்க்க இதைவிட நல்ல இலவசக் கருவி இல்லை. ஆனால் இலக்கணத்தையே இதிலிருந்து தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால், உயிரில்லாத ஒட்டுப்போட்ட மொழிதான் மிஞ்சும். ரத்தப் பரிசோதனை அறிக்கை மாதிரி: எந்த எண் வழக்கமான வரம்புக்கு வெளியே நிற்கிறது என்று காட்டும், அது ஏன் அப்படி என்று சொல்லாது. அந்த 'ஏன்' பக்கத்திலேயே உள்ள இயல் கட்டுரையில் ஓரளவு இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை.

எப்படிப் பயன்படுத்துவது என்பதிலிருந்து தொடங்குவோம். தளத்தின் மேற்பட்டையில் கூறுகள், இயல்கள், மொழிகள் என்று தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன. புதியவர்கள் நேராகக் கூறுகளுக்குப் போய் வண்ணப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட, முதலில் மொழிகள் பட்டியலில் தமிழைத் திறப்பது நல்லது. எழுவாய்–செயப்படுபொருள்–வினை என்ற வரிசை, பின்னுருபுகள் ('மரத்தின் மேல்' என்பதில் 'மேல்' போலப் பெயருக்குப் பின் நிற்பவை; முன் நிற்பவை முன்னுருபுகள்), பெயருக்கு முன் பெயரடை, பெயருக்கு முன் சுட்டு, பெயருக்கு முன் எண், பெயருக்கு முன் பெயரெச்சத் தொடர் என நமக்குத் தெரிந்த இலக்கணம் இவர்களுடைய பெட்டிகளில் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டால், மற்ற மொழிகளுக்கு அதே பெட்டி என்ன பொருள் தருகிறது என்பது பிடிபடும். தெரிந்த மொழியில் பழகாமல் தெரியாத மொழியின் பெட்டியை நம்புவது ஆபத்து.

காரணம், பெட்டிகளின் வரையறைகள் இயலுக்கு இயல் மாறும். 81-ஆம் இயல் எழுவாய், செயப்படுபொருள், வினை வரிசையைப் பேசுகிறது. அங்கே ஒரு வரிசை 'மேலோங்கியது' என்று பெயர் வாங்க, அது அடுத்த வரிசையைவிட இரண்டு மடங்குக்கு மேல் வழங்க வேண்டும். இல்லாவிட்டால் 'மேலோங்கிய வரிசை இல்லை' என்ற பெட்டிக்குப் போய்விடும். அந்தப் பெட்டியில் 189 மொழிகள் இருக்கின்றன. அவற்றைச் 'சொற்கள் எப்படி வேண்டுமானாலும் வரும் மொழிகள்' என்று படித்துவிட்டு, தன் புனைமொழிக்கும் அதே சலுகையைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த 189-இல் துணைவினை இருந்தால் ஒரு வரிசை, இல்லாவிட்டால் வேறு வரிசை என்று கறாராக நடக்கும் ஜெர்மனும் அடக்கம். வரையறையை வாசிக்காமல் வண்ணத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

49-ஆம் இயலில் வேற்றுமைகளின் எண்ணிக்கை. நம் இலக்கண மரபு எழுவாயையும் விளியையும் சேர்த்து எட்டு என்கிறது. 'உடன்', 'இடமிருந்து' போன்றவை உருபா, சொல்லுருபா என்ற கேள்விக்கு நவீன விவரணைகளிலேயே ஒரே பதில் கிடையாது. எந்த மொழிக்கும் இந்த எல்லைத் தகராறு உண்டு. அதனால் '6–7 வேற்றுமை' என்ற பெட்டியையும் '8–9 வேற்றுமை' என்ற பெட்டியையும் பிரிக்கும் கோடு, பார்ப்பதற்குத் தெரிகிற அளவு உறுதியானது அல்ல. உறுதியாக நம்பக்கூடியது வேறு: எடுத்துக்கொண்ட 261 மொழிகளில் 100 மொழிகளுக்கு வேற்றுமை உருபே கிடையாது, 24 மொழிகளில் பத்து அல்லது அதற்கு மேல். முதல் புனைமொழியிலேயே இருபது வேற்றுமை வைக்கும் ஆசை பலருக்கு வரும். வைக்கலாம். ஆனால் பத்துக்கு மேல் போகும் மொழிகளில் கூடுதல் உருபுகளில் பெரும்பங்கு இடம் குறிப்பவை: உள்ளே–வெளியே–மேலே என்பது ஓர் அடுக்கு, அங்கே இருப்பது–அங்கே போவது–அங்கிருந்து வருவது என்பது இன்னோர் அடுக்கு, இரண்டும் பெருகித்தான் எண்ணிக்கை ஏறுகிறது. பொறாமை வேற்றுமை, சந்தேக வேற்றுமை என்று தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சேர்த்தால் அது மொழி மாதிரி ஒலிக்காது.

இனி எண்களுக்கு வருவோம். 81-ஆம் இயலின் 1,376 மொழிகளில் நம் வரிசை 564. ஆங்கில வரிசை, அதாவது வினை நடுவில் வருவது, 488. வினை முதலில் வந்து பிறகு எழுவாய், பொருள் (செயப்படுபொருள்) என்று போவது 95. வினை, பொருள், எழுவாய் 25. பொருள், வினை, எழுவாய் 11, அதாவது 0.8 விழுக்காடு. பொருள், எழுவாய், வினை வெறும் 4. இதைப் பார்த்ததும் 'என் மொழி அந்த 0.8 விழுக்காட்டில் இருக்கட்டும்' என்று தோன்றுவது இயல்பு. 'ஸ்டார் டிரெக்' படங்களில் வரும் கிளிங்கான் மொழியை மார்க் ஓக்ரண்ட் 1980-களில் உருவாக்கியபோது பொருள்–வினை–எழுவாய் வரிசையைத்தான் வைத்தார், வேற்றுலக மொழியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. மனித மொழிகளிலும் அது உண்டு. அமேசான் பகுதியின் ஹிஷ்கரியானா இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம்.

ஆனால் இந்த எண்கள் நிகழ்தகவு அல்ல. வால்ஸைப் பயன்படுத்துவோர் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். ஒரு மொழிக் குடும்பத்தில் நூற்றுக்கணக்கான மொழிகள் இருந்து, மூதாதை மொழியின் ஒரு பழக்கத்தை அவை எல்லாமே வைத்துக்கொண்டிருந்தால், வரைபடத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் விழும். வரலாற்றில் நடந்தது ஒரே ஒரு நிகழ்வு. அதனால்தான் தளத்தில் ஒவ்வொரு மொழிக்கும் குடும்பப் பெயரோடு, மூவாயிரத்து ஐந்நூறு முதல் நாலாயிரம் ஆண்டுக்கு மிகாத பழமையுள்ள சிறு கிளை ஒன்றின் பெயரும் தரப்பட்டிருக்கிறது. கூறுப் பக்கத்தில் வரைபடத்துக்குக் கீழே உள்ள அட்டவணையிலிருந்து ஒவ்வொரு மொழியின் குடும்பத்துக்கும் போகலாம். உங்களுக்குப் பிடித்த அரிய கூறு நாலைந்து தொடர்பில்லாத குடும்பங்களில், வெவ்வேறு கண்டங்களில் வந்திருந்தால், அது தானாக முளைக்கக்கூடியது, தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே மூலையில் குவிந்திருந்தால், அந்த மூலையின் மற்ற பழக்கங்களோடு சேர்ந்து வந்ததா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

தளத்தின் மிகச் சிறந்த வசதி இரண்டு கூறுகளை இணைத்துப் பார்ப்பது. ஒரு கூறின் பக்கத்தைத் திறந்து, இணைக்கும் பெட்டியில் இன்னொரு கூறின் பெயரைத் தட்டினால், இரண்டின் கூட்டு வகைகளும் ஒரே வரைபடத்தில் விழும். சொல் வரிசைக்கு இந்த வேலையையும் டிரையரே முன்கூட்டிச் செய்து 95, 96, 97 என மூன்று இயல்களாக வைத்திருக்கிறார். புனைமொழிக்காரர் ஒருவர் தளத்தில் மூன்றே மூன்று பக்கம்தான் படிப்பார் என்றால், இவைதான் அந்த மூன்று.

95-ஆம் இயல்: பொருள் வினைக்கு முன் வந்து பின்னுருபும் உள்ள மொழிகள் 472. வினை முன் வந்து முன்னுருபு உள்ளவை 456. இவை இரண்டும் மலைகள். பொருள் முன் வந்தும் முன்னுருபு உள்ளவை 14 மட்டுமே. 'என் மொழியில் வினை கடைசியில் வரும், ஆனால் ஆங்கிலம் மாதிரி முன்னுருபு இருக்கும்' என்று யோசிக்காமல் எழுதுகிறவர் அந்தப் பதினான்கில் போய் விழுகிறார்.

விழக்கூடாது என்பதல்ல. எதனால் அது அரிது என்று தெரிந்தால், அங்கே எப்படி நம்பும்படி நிற்பது என்பதும் தெரிந்துவிடும். தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னுருபுகள் வானத்திலிருந்து வருவதில்லை, இரண்டு வழிகளில் பிறக்கின்றன. ஒன்று பெயர்ச்சொல் வழி: 'மரத்தின் மேல்', 'வீட்டின் உள்' என்பவை உடைமைத் தொடர்கள். உடைமையாளர் முன்னால், உடைமை பின்னால். பின்னால் நிற்கும் இடப்பெயர் தேய்ந்து இலக்கணச் சொல்லாகிறது. இன்னொன்று வினையெச்ச வழி: 'அவனைப் பற்றி', 'கத்தியைக் கொண்டு'. பொருள் முன்னால், வினை பின்னால். அந்த எச்சம் இறுகி உருபாகிறது. ஆக, உடைமையாளரும் முன்னால், பொருளும் வினைக்கு முன்னால் என்று வரும் மொழியில் உருபு பெரும்பாலும் பின்னால்தான் நிற்கும்.

இப்போது பாரசீகத்தைப் பாருங்கள். வினை கடைசியில்தான் வருகிறது, ஆனால் முன்னுருபு. அந்தப் பதினான்கில் அதுவும் ஒன்று. புதிர் மாதிரி தெரியும். ஆனால் பாரசீகத்தில் உடைமையாளர் பின்னால் வருவார்: 'புஷ்த்' என்றால் முதுகு, 'புஷ்த்-எ தர்' என்றால் கதவின் முதுகு, அதாவது கதவுக்குப் பின்னால். முதுகு முன்னால் நிற்பதால் அது முன்னுருபாகிவிட்டது. எனவே வினை கடைசியில் வரும் மொழிக்கு முன்னுருபு வேண்டுமென்றால், உடைமைத் தொடரைத் திருப்பிப் போடுங்கள். உருபுகளை உடலுறுப்புப் பெயர்களிலிருந்து வளர்த்தெடுங்கள். அதற்குப் பிறகு அந்த மொழியைப் படிக்கும் மொழியியல் தெரிந்தவர் எவரும் முகம் சுளிக்க மாட்டார். வால்ஸ் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு 'இது அரிது, வேண்டாம்' என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

96-ஆம் இயல் பெயரெச்சத் தொடர் பற்றியது, இதைப் படிக்கும் விதம் வேறு. பொருள் முன் வரும் மொழிகளில் 'நேற்று வந்த பையன்' போல எச்சத் தொடர் பெயருக்கு முன் வருபவை 132. பின் வருபவை 113. ஏறக்குறைய சமம். வினை முன் வரும் மொழிகளிலோ எச்சத் தொடர் பின் வருபவை நானூற்றுக்கு மேல், முன் வருபவை ஐந்து. அந்த ஐந்தில் சீன மாண்டரின் ஒன்று. அதாவது இது ஒருவழிப் பாதை: எச்சத் தொடரைப் பெயருக்கு முன் வைத்தால் வினையைக் கடைசியில் வைப்பது நல்லது, வினை கடைசியில் இருப்பதால் எச்சத் தொடர் முன்னால்தான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. இதைத் தலைகீழாக வாசித்துவிட்டு, தமிழும் ஜப்பானியமும் அப்படித்தானே என்று சாட்சி சொல்பவர்கள் ஏராளம்.

அதே சாட்சி 97-ஆம் இயலில் மொத்தமாகக் காலி. பெயரடை விஷயத்தில் தமிழ், இந்தி, ஜப்பானியம், துருக்கியம் எல்லாமே வினை கடைசி, பெயரடை முன். எனவே 'வினை கடைசியில் வந்தால் பெயரடை முன்னால்' என்பது நமக்கு இயற்கை விதி மாதிரித் தோன்றும். கணக்கு: பொருள் முன் வரும் மொழிகளில் பெயரடை முன் வருபவை 216, பின் வருபவை 332. விதி எதுவும் இல்லை. பெயருக்குப் பின் வருவதுதான் கூடுதல். நம் கண்ணுக்குத் தெரிந்த மொழிகள் ஆசியாவின் ஒரு பெரிய வட்டாரத்தைச் சேர்ந்தவை, அவ்வளவுதான். தமிழ் பேசுகிறவர் கட்டும் புனைமொழியில் பெயரடையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பது செலவில்லாத மாற்றம், மொழி சட்டென்று வேறு முகம் காட்டும்.

தாய்மொழியின் நிழல் இப்படி என்றால், ஆங்கிலத்தின் நிழல் இன்னும் அடர்த்தியானது. இதைக் கண்டுபிடிக்க வால்ஸில் இரண்டு பக்கங்கள் போதும். ஒன்று 116: ஆம்–இல்லை கேள்விகள். 955 மொழிகளில் 585 மொழிகள் வினாச் சொல் ஒன்றைச் சேர்க்கின்றன. 164 வினையிலேயே வினா வடிவம் வைத்திருக்கின்றன. 173 குரல் ஏற்றத்தை மட்டும் நம்புகின்றன. ஆங்கிலம் போலச் சொல் வரிசையைப் புரட்டிக் கேட்பவை மொத்தம் 13. கேள்விக்கும் கூற்றுக்கும் வேறுபாடே இல்லாத மொழியும் ஒன்று உண்டு, மெக்சிகோவின் சல்கடோங்கோ மிஷ்டெக். ஆங்கிலம் வழியாக இலக்கணம் படித்தவர்கள் எழுதும் புனைமொழிகளில் அந்தப் பதின்மூன்றின் பாணி அநியாயத்துக்கு அதிகமாகத் தலைகாட்டும். தமிழில் 'வந்தானா' என்று ஓர் ஆகாரத்தை ஒட்டி வேலையை முடித்துக்கொள்கிறவருக்கு இது தேவையில்லாத இறக்குமதி. அந்த ஆகாரத்தையே எடுத்துக்கொண்டு, அது எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அந்தச் சொல்மேல் கேள்வி விழும் ('அவனா வந்தான்', 'நேற்றா வந்தான்') என்ற விதியைச் சேர்த்தாலே ஒரு சுவையான அமைப்பு கையில் இருக்கிறது. வால்ஸ் இந்த இரண்டாவது பாதியைப் பதிவு செய்வதில்லை என்பதையும் கவனியுங்கள். 'வினாச் சொல் உண்டு' என்பதோடு அதன் பெட்டி மூடிவிடுகிறது.

மற்றொன்று 117: உடைமை சொல்வது. ஆங்கில 'ஹேவ்' போலத் தனி வினை வைத்திருப்பவை 240-இல் 63. மீதி மொழிகள் 'என்னிடம் இருக்கிறது' என்ற இட வழியிலோ, 'என்னுடையது இருக்கிறது' என்ற உடைமை வழியிலோ, 'என்னைப் பொறுத்தவரை, அது இருக்கிறது' என்ற தலைப்பு வழியிலோ, 'நான் அதோடு இருக்கிறேன்' என்ற உடன்நிகழ்ச்சி வழியிலோ சொல்கின்றன. சொற்பட்டியலில் 'ஹேவ்' என்று ஒரு வரி எழுதி எதிரே புதுச்சொல் ஒன்றை எழுதுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

வேற்றுமை ஒழுங்கு பற்றிய 98-ஆம் இயலையும் ஒரு பார்வை பார்க்கலாம். 190 மொழிகளில் 98 பெயர்களுக்கு எந்த வேறுபாடும் காட்டுவதில்லை, 46 தமிழ் போலச் செயப்படுபொருளை அடையாளமிடுகின்றன, 32 எர்கேட்டிவ் (செயப்படுபொருள் குன்றா வினையைச் செய்பவரைத் தனியாக அடையாளமிடுபவை), மூவழி ஒழுங்கு நான்கே நான்கு. 'அவதார்' படத்துக்காக பால் ஃபிராமர் உருவாக்கிய நாவி மொழி இந்த மூவழி ஒழுங்கை எடுத்தது: செய்பவருக்கு ஓர் உருபு, செயப்படுபொருளுக்கு ஓர் உருபு, செயப்படுபொருள் குன்றிய வினையின் எழுவாய்க்கு எதுவுமில்லை. கேட்க விசித்திரமாக இருந்தாலும், இந்தியின் இறந்தகால வாக்கியத்தில் 'நே', 'கோ' இரண்டும் சேர்ந்து வரும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம்தான்.

குறைகள் என்று வந்தால் ஒலிப் பகுதியில்தான் கோபம் வருகிறது. முதல் இயல் மெய்களின் எண்ணிக்கையை ஐந்து பெட்டிகளாகப் பிரிக்கிறது. 6 மெய் மட்டும் உள்ள ரோடோகாஸ் ஒரு முனை, 122 மெய் உள்ள, ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த க்ஷோ மறுமுனை. நடுப்பெட்டி 19 முதல் 25 வரை. கிளிங்கானுக்கு 21 மெய், 5 உயிர். இரண்டிலும் அது நட்டநடு சராசரி! வால்ஸை மட்டும் கேட்டால் கிளிங்கான் ஒரு சாதுவான மொழி என்றுதான் சொல்லும். அதன் கரடுமுரடு எண்ணிக்கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. வல்லின 'ட'கர ஒலி உண்டு, ஆனால் குரலுள்ள வடிவம் மட்டும். அதன் குரலில்லாத இணை இருக்க வேண்டிய இடத்தில் நுனிநா 'த்'தை ஒத்த ஒன்று. ககரம் அறவே கிடையாது, அதற்கு இன்னும் பின்னால் உள்நாக்கில் பிறக்கும் ஒலி உண்டு. நம் ட, ண, ள, ழ என்று குடும்பமாக வரும் வளைநா வரிசையோடு ஒப்பிட்டால் அந்த ஓட்டைகள் வேண்டுமென்றே போடப்பட்டவை என்பது உடனே தெரியும். இயற்கை மொழிகளில் ஒலிகள் பெரும்பாலும் வரிசை வரிசையாக வரும். வரிசையில் ஓட்டை விழுந்தால் அதற்கு ஒரு வரலாறு இருக்கும்.

இந்த வளைநா ஒலிகளுக்கு வால்ஸில் ஓர் இயலே இல்லை. உயிரொலி இயைபுக்கும் (ஒரு சொல்லின் உயிரொலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் விதி) இல்லை. துருக்கியத்தையும் ஃபின்னிஷையும் பார்த்துவிட்டு வருகிற புனைமொழிக்காரர்கள் முதலில் தேடுவது அதைத்தான். க் என்ற ஒரே மெய் 'பகல்' என்பதில் ஒரு மாதிரியும் 'பக்கம்' என்பதில் ஒரு மாதிரியும் ஒலிக்கும் விதிகளுக்கும் இடமில்லை. எந்த மொழியில் எந்த ஒலி உண்டு என்று பார்க்க ஃபாய்பிள் என்ற தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். 2019-இல் வந்த அதன் 2.0 பதிப்பில் 2,186 மொழிகளின் 3,020 ஒலிப்பட்டியல்கள் உள்ளன. தனி ஒலியைச் சொடுக்கினால் எத்தனை விழுக்காடு பட்டியல்களில் அது இருக்கிறது என்று வரும்: மகரம் 96, ககரம் 90. கிளிங்கானின் ககரம் இல்லாமை எவ்வளவு பெரிய முடிவு என்பது அங்கேதான் புரியும். ஒரு எச்சரிக்கை: அங்கே ஒரே மொழிக்கு இரண்டு மூன்று ஆய்வாளர்களின் வெவ்வேறு பட்டியல்கள் இருக்கலாம். கலந்துவிடாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த குறை வெற்றிடம். 2,660 மொழிகளையும் 192 கூறுகளையும் பெருக்கினால் ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டங்கள். நிரம்பியிருப்பவை 76 ஆயிரத்துச் சொச்சம். ஏழில் ஆறு பங்கு காலி. ஒரு கூறில் மட்டும் தலைகாட்டும் மொழிகளும் உண்டு. சொல் வரிசை இயல்களில் ஆயிரத்துக்கு மேல் மொழிகள் இருப்பதால் அங்கே இணைப்பு வசதி நன்றாக வேலை செய்யும். அதே வசதியை 257 மொழிகள் கொண்ட பால் இயலுக்கும் 261 மொழிகள் கொண்ட வேற்றுமை இயலுக்கும் போட்டு, மூன்றாவதாக இன்னொன்றையும் சேர்த்தால், பெட்டிக்கு இரண்டு மூன்று மொழிகள்தான் மிஞ்சும். 'இந்தச் சேர்க்கை உலகில் எங்குமே இல்லை' என்று வரைபடம் காட்டினால், இல்லை என்று பொருளல்ல. அந்த மொழிகளை யாரும் இரண்டு இயலுக்கும் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம். இணைப்பைப் போட்டதும் முதலில் பார்க்க வேண்டியது மொத்த எண்ணிக்கை எவ்வளவாகச் சுருங்கியது என்பதை.

சொல்தொகுதி இயல்கள் குறைவு, ஆனால் படிக்கப் படிக்க இனிப்பவை. கைக்கும் புயத்துக்கும் நாம் போல ஒரே சொல் வைத்திருப்பவை 617-இல் 228 என்கிறது 129-ஆம் இயல். எண் அடிப்படை பற்றிய 131-ஆம் இயலில் 196 மொழிகளில் 125 பத்தடிமானம். பன்னிரண்டு அடிமானம் புனைமொழிக்காரர்களின் செல்லப்பிள்ளை. பத்தும் இருபதும் அல்லாத அடிமானங்கள் எல்லாம் சேர்த்தே அங்கே 5 மொழிகள்தான். 142-ஆம் இயல் இன்னும் வேடிக்கை: நாம் பரிதாபத்துக்கு 'உச்சு'க் கொட்டுவதுபோல் எந்த மொழிகளில் நாக்குச் சொடுக்கு உணர்ச்சி காட்டுகிறது, எவற்றில் ஆம்–இல்லை சொல்கிறது என்று டேவிட் கில் வரைபடம் போட்டிருக்கிறார். இலக்கண நூல்களில் பெரும்பாலும் இடம் பெறாத இந்த மாதிரி விவரம் ஒரு புனைமொழிக்கு உடனே உடம்பு கொடுக்கும்.

'புலி கிலி' போன்ற எதிரொலிச் சொற்கள், வினைக்குப் பின் 'விடு', 'போடு', 'தொலை' என்று ஒட்டி நிற்கும் துணைவினைகளின் தொனி, எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள இடைவெளி, ஒழுங்கற்ற வினைவாய்பாடுகள் ஆகியவற்றை வால்ஸில் தேட வேண்டாம். 192 கூறுகளுக்கும் பதில் எழுதிவிட்டால் மொழி தயார் என்று நினைக்கிறவர்களுக்கு இது முக்கியம். வால்ஸின் கூறுகளையே எடுத்துக்கொண்டு புனைமொழிகளுக்கென்று அமைந்த கால்ஸ் என்ற தளமும் உண்டு. வினாத்தாள் நிரப்புவது மாதிரி நிரப்பிக்கொண்டே போகலாம், ஆனால் நிரம்பிய படிவத்தை வைத்துக்கொண்டு ஒரு பத்தி மொழிபெயர்க்க முடியாது.

2023-இல் வந்த கிராம்பேங்க் என்ற இன்னோர் இலக்கணத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால்? அங்கே 2,467 மொழிகள், 195 கேள்விகள், பெரும்பாலும் உண்டு–இல்லை என்ற பதில். நிரம்பிய கட்டங்கள் நான்கு லட்சத்துக்கு மேல், ஆகவே கூறுகளை இணைத்துப் பார்க்க அதுதான் நம்பகமானது. ஆனால் உண்டு–இல்லை என்பதால் சாயல் போய்விடும்: ஒரு மொழியில் இரண்டு வரிசையும் வழங்கினால் இரண்டுக்கும் 'உண்டு', எது அதிகம் என்பது தெரியாது. வால்ஸில் மேலோங்கியது எது என்று தெரியும். வால்ஸின் இயல் கட்டுரைகள் போல உதாரண வாக்கியத்தோடு விளக்கும் எழுத்து அங்கே அவ்வளவு இல்லை. கற்க வால்ஸ், எண்ண கிராம்பேங்க் என்று வைத்துக்கொள்வது வசதி.

கைபேசியில் வால்ஸைத் திறப்பது வேதனை. நியூ கினியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், விரலால் ஒன்றைத் தொட்டால் பக்கத்து மொழி திறக்கும். தீவிரமாக வேலை செய்கிறவர்கள் முழுத் தரவையும் அட்டவணைக் கோப்புகளாகத் தரவிறக்கிக்கொள்வது மேல். இறக்கியதும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மதிப்புகள் ஒரு கோப்பிலும், அந்த மதிப்பு எண்ணின் பொருள் இன்னொரு கோப்பிலும் இருக்கும். இரண்டையும் சேர்க்காமல் படித்தால் வெறும் 1, 2, 3 மட்டும் தெரியும். மொழிகளுக்கு வால்ஸ் வைத்திருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ குறியீடு அல்ல, தமிழுக்கே இரண்டும் வேறு. கிராம்பேங்கோடு இணைக்க கிளாட்டோகோடு (மொழிகளுக்கான இன்னொரு பொதுக் குறியீடு) என்ற நெடுவரிசையைப் பயன்படுத்த வேண்டும். காலியான கட்டத்தை 'இல்லை' என்று நிரல் எடுத்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் தாராளமானது, கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0, பெயர் சொன்னால் போதும். ஆனால் இயல்களை எழுதியவர்கள் பலர், எனவே உங்கள் மொழியின் இலக்கண நூலில் நன்றி சொல்லும்போது 'வால்ஸ்' என்று மொத்தமாகப் போடாமல் அந்தந்த இயலின் ஆசிரியர் பெயரைப் போடுங்கள்.